சருகுமான் கேட்ட முகவரித் திருத்தம்

ஒரு காட்டில் ஒரு சருகுமான் இருந்தது. இருந்ததாகச் சொல்வார்கள், பார்த்தவர்கள் குறைவு. முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. உடம்பெல்லாம் காய்ந்த இலையின் நிறம். சருகுக்குள் அசையாமல் நின்றுவிட்டால், பக்கத்தில் நிற்பவருக்கே "இப்பத்தானே இங்கே யாரோ இருந்தாங்க" என்று சந்தேகம் வந்துவிடும்.

அந்தச் சருகுமானுக்கு ஒரு குட்டி. பிறந்து அதிக நாளாகவில்லை. கால் இன்னும் நேராக நிற்கவில்லை.

சருகுமான்களிடம் ஒரு பழக்கம் உண்டு, குழந்தைகளே. தாய் குட்டியோடு படுத்திருக்காது. குட்டியைச் சருகுக்குள் மறைத்துவிட்டு, தள்ளிப் போய் மேயும். பால் கொடுக்க மட்டும் வரும். அதுவும் நேராக வராது. சுற்றி வளைத்து வரும், வந்த வழியாகத் திரும்பிப் போகாது. குட்டியும் லேசுப்பட்டதல்ல. அம்மாவின் மூக்கு வந்து தொடும்வரை, பக்கத்தில் இடி விழுந்தாலும் வாயைத் திறக்காது. குட்டி இருக்கும் இடம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அம்மா. இன்னொன்று அந்தக் குட்டி.

"குட்டி எங்கே?" என்று யாராவது கேட்டால், "இருக்கிற இடத்துல இருக்கு. உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று பேச்சைத் திருப்பிவிடும்.

அந்த வருஷம் காட்டில் ஒரு தொல்லை முளைத்தது. அதன் பெயர் வெருகு. வெருகு என்றால் காட்டுப்பூனை. மற்ற வெருகுகள் மோப்பம் பிடிக்கும், பதுங்கும், பாயும், பாதி நேரம் ஏமாந்து பட்டினி கிடக்கும். இந்த வெருகு படித்த வெருகு மாதிரி. ஓடிப் பிடிப்பதைவிடப் பேசிப் பிடிப்பது சுலபம் என்று கண்டுபிடித்துவிட்டது.

ஒருநாள் காட்டுக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. புதருக்கு வெளியே மரத்தின் மறைவிலிருந்து ஒரு குரல் வந்தது. வெண்ணெய் தடவிய குரல்.

"வணக்கம்மா. ஆலமரத்துத் தலைமை அலுவலகத்திலேர்ந்து பேசறோம். உங்க புதரோட கெடு இன்னைக்குச் சாயங்காலத்தோட முடியுதும்மா. புதுப்பிக்கலைன்னா புதர் முடங்கிடும்."

"ஐயையோ, நான் என்ன சார் பண்ணணும்?" என்றது காட்டுக்கோழி.

"பதறாதீங்கம்மா. முட்டை எந்தப் பக்கம் இருக்கு, நீங்க எப்போ இரை பொறுக்கப் போவீங்க, இது ரெண்டு மட்டும் சொல்லுங்க. மத்ததை நாங்க பார்த்துக்கறோம்."

"வேர்ப் பக்கம் சார். வெயில் ஏறினதும் போவேன் சார்."

"ரொம்ப நன்றிம்மா. இதை வேற யார்கிட்டேயும் சொல்லிடாதீங்க. ஏமாத்துறவங்க நிறைய சுத்திக்கிட்டு இருக்காங்க."

வெயில் ஏறி இறங்கியபோது வேர்ப் பக்கம் ஓடுகள் மட்டும் கிடந்தன.

அடுத்து முயலிடம் போனது. "வாழ்த்துகள். குலுக்கல்ல உங்களுக்கு ஒரு கொள்ளுத் தோட்டம் விழுந்திருக்கு. நேர்ல வந்து வாங்கிக்கணும். குட்டிகளைக் கூட்டிட்டு வரவேண்டாம், அங்கே நெரிசலா இருக்கும்." முயல் தோட்டத்தைத் தேடிக் காடு முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது வளையில் ஒரு குட்டி குறைந்திருந்தது.

பிறகு அந்தக் குரல் சருகுமானிடமும் வந்தது. இந்த முறை வெண்ணெய் இல்லை, அதட்டல்.

"சருகுமானா? நாங்க வனக் காவல்லேர்ந்து பேசறோம். உன் குட்டி ஒரு பெரிய வழக்குல மாட்டியிருக்கு. அது எங்ககிட்டேதான் இருக்கு. நம்பிக்கையில்லைன்னா போய்ப் பாரு, குட்டி அங்கே இருக்கான்னு."

சருகுமானின் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பின. போய் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டால் போதும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பார்க்கப் போனால் பின்னாலேயே யார் வருவார்கள் என்பதும் அதற்குத் தெரிந்திருந்தது. அசையாமல் நின்றது. மூச்சைக்கூடச் சின்னதாக விட்டது.

"என்ன, பேச்சையே காணோம்? வழக்கு சிறுசு இல்லை. ரொம்பப் பெருசு."

சருகு பேசவில்லை.

கடைசியில் அந்தக் குரல், "இங்கே எப்பவுமே இணைப்பு கிடைக்கறதில்லை" என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டது. அது போய் வெகுநேரம் கழித்து, ஓடையைச் சுற்றி, மூங்கிலைச் சுற்றி, புற்றைச் சுற்றிச் சருகுமான் குட்டியிடம் போய்ச் சேர்ந்தது. குட்டி பசியோடு படுத்திருந்தது. அதன்மேல் எந்த வழக்கும் இல்லை.

முட்டையையும் குட்டியையும் பறிகொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? மேட்டில் நின்ற இலவ மரத்தடியில் கூட்டம் கூடியது. அந்த மரத்தின் உச்சியில் மந்தி குடியிருந்தது. அதற்குக் கூர்மையான கண். அதைவிடப் பெரிய குரல். இரண்டையும்விடப் பெரியது, தான் ஒரு பொறுப்பில் இருக்கிறோம் என்ற நினைப்பு.

"பெரியோர்களே, தாய்மார்களே," என்று மந்தி ஆரம்பித்தது. "குற்றங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் உங்கள் குட்டிகளைப் பாதுகாக்க 'கண்ணும் கருத்தும்' என்ற மாபெரும் திட்டத்தை இன்றுமுதல் தொடங்குகிறோம். ஒவ்வொரு தாயும் தன் குட்டி இருக்கும் இடத்தை எங்களிடம் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் மேலேயிருந்து கண் கொட்டாமல் பார்ப்போம். பார்த்ததை அவ்வப்போது உரத்த குரலில் அறிவிப்போம். நான் சொல்வதைப் பள்ளத்து மந்திகள் திருப்பிச் சொல்வார்கள். நீங்கள் காட்டின் எந்த மூலையில் மேய்ந்தாலும் உங்கள் குட்டியின் நலம் உங்கள் காதுக்கு வந்துவிடும்."

கூட்டம் காலால் தரையைத் தட்டி மகிழ்ந்தது.

"நிபந்தனைகளைக் கிளி வாசிக்கும்" என்றது மந்தி.

கிளி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக வாசித்தது. "இத்திட்டத்தில் சேருபவர் இனி உறுப்பினர் எனப்படுவார் உறுப்பினர் தம் குட்டி குஞ்சு முட்டை ஆகியவற்றின் இருப்பிடம் படுக்கும் திசை பசிக்கும் நேரம் ஆகியவற்றைக் காவல் குழுவும் காவல் குழுவுக்கு வேண்டியவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் போகிற போக்கில் காதில் விழக் கேட்பவர்களும் அறிந்துகொள்ள மனமுவந்து சம்மதிக்கிறார் ஏதேனும் நேர்ந்தால் காவல் குழு வருத்தம் தெரிவிக்கும் அவ்வளவுதான் சம்மதிப்பவர் ஒருமுறை தட்டவும்."

தட் தட் தட் என்று எல்லோரும் தட்டினார்கள். பாதிப் பேர் 'உறுப்பினர்' என்ற சொல் வந்தபோதே தட்டிவிட்டிருந்தார்கள்.

ஒரு கால் மட்டும் தட்டவில்லை.

"யாரது, சருகம்மாவா?" என்று மந்தி குனிந்து தேடியது. "எங்கேம்மா நிக்கறே? தட்டு."

"ஒரு சந்தேகம் மந்தியம்மா," என்றது சருகுமான். "திருடுறது வெருகு. அப்போ மேலேயிருந்து வெருகைப் பார்த்தா போதாதா? எங்க குட்டிகளை எதுக்குப் பார்க்கணும்?"

"அது ஓடிக்கிட்டே இருக்கும்மா. இங்கே பார்த்தா அங்கே போயிடும். பின்னாலேயே கண்ணை ஓட்டினா கழுத்து வலிக்கும். உங்க குட்டிங்க அசையாம கிடக்கும். பார்க்கச் சௌகரியம்."

காரணம் நியாயமாகத்தான் இருக்கிறது என்று கூட்டம் தலையாட்டியது.

"என் குட்டி இருக்கிற இடத்தை நான் சொல்லமாட்டேன்" என்றது சருகுமான்.

பெண்மயில் கழுத்தை ஒரு வெட்டு வெட்டியது. "ஏன்டி, மடியில கனம் இருந்தாத்தானே ஒளிக்கணும்? நீ என்ன ஒளிச்சு வெச்சிருக்கே?"

"குட்டியைத்தான்க்கா."

"எங்களுக்கு இல்லாத குட்டியா?"

"உங்க குட்டியைப் பத்தி நான் எதுவும் சொல்லலையே. காவல் வேண்டாம்னும் சொல்லலை. என்னை அந்தக் குரல் கூப்பிட்ட அன்னைக்கு என் கால் எந்தப் பக்கம் திரும்பிச்சுன்னு எனக்குத்தான் தெரியும். ஆனா நான் குட்டியை மறைச்சு வெச்சிருக்கிறதே அதுக்குக் காவல்தான். அதை எடுத்துட்டு வேற காவல் தரேன்னா எப்படி?"

"திட்டத்துக்கே விரோதி," என்றது மந்தி. "சரி, போம்மா. பட்டால் தெரியும்."

மறுநாள் காலை காடு முழுவதும் மந்தியின் குரல் ஒலித்தது. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி பேசுமே, அதே ராகம்.

"கவனிக்கவும். இரண்டாம் காட்டுக்கோழியின் குஞ்சுகள், ஈச்சம் புதர், கிழக்குப் பக்கம். நலம். முயல் குட்டிகள், கரையான் புற்றுக்குப் பின்புற வளை. நலம். தாய் வெளியே சென்றிருக்கிறார். கௌதாரிக் குஞ்சுகள், ஓடைக்கரை நாணல். நலம். தாயும் தந்தையும் காலையிலிருந்து பேசிக்கொள்ளவில்லை."

பள்ளத்து மந்திகள் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னார்கள்.

தாய்மார்கள் நிம்மதியாக மேய்ந்தார்கள். அணில்கூட இந்தத் திட்டத்தால் பயனடைந்தது. "முயல் குட்டிக்கு இருமல்" என்று அறிவிப்பு வந்ததும், நெல்லிக்காயைக் கட்டிக்கொண்டு முயல் வளைக்கு முன்னால் போய் நின்றது. "இருமலாமே அக்கா? கேள்விப்பட்டேன்." வேண்டாம் என்று விரட்டினாலும் மறுநாள் வந்தது. இருமல் நின்ற பிறகும் வந்தது.

எல்லோரையும்விட அதிகம் பயனடைந்தது யார் தெரியுமா? இலவ மரத்தடி நிழலில், வேர்களுக்கு நடுவே, வெருகு சுகமாகப் படுத்திருந்தது. மந்தியின் கண் தூரத்துப் புதர்களின்மேல் இருந்ததால் காலடியில் கிடந்தது தெரியவில்லை. இனி யாரையும் கூப்பிட்டு வணக்கம் சொல்லி வாய் வலிக்க வேண்டாம். காதைத் திறந்து வைத்தால் போதும். ஒருநாள் காற்று பலமாக வீசியபோது, "கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா, பின்னாலே இருக்கிறவங்களுக்குக் கேட்கலை" என்று குரல்கூடக் கொடுத்தது.

"உறுப்பினர்களின் ஆர்வம் மகிழ்ச்சி அளிக்கிறது" என்று சொல்லி மந்தி சத்தத்தைக் கூட்டியது.

ஒருநாள் அறிவிப்பு இப்படி வந்தது. "கவனிக்கவும். கௌதாரிக் குஞ்சுகள், ஓடைக்கரை நாணல். இல்லை."

கௌதாரி கதறிக்கொண்டு ஓடிவந்தது. மறுபடி கூட்டம். மந்தி நெற்றியைச் சுருக்கி யோசித்தது.

"எங்கே தவறு நடந்தது என்று ஆராய்ந்தோம். நம்மிடம் இருக்கும் விவரம் போதவில்லை. இனிமேல் குட்டி எந்தப் பக்கம் தலை வைத்துத் தூங்குகிறது, எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறது, தாய் திரும்பிவர எவ்வளவு நேரமாகும், இதையெல்லாம் சேர்த்து அறிவிப்போம்."

கூட்டம் மறுபடி தட்டியது. இந்த முறை கிளி வாய் திறப்பதற்கு முன்பே தட்டிவிட்டது.

இன்னும் சில கோழிக் குஞ்சுகளும் ஒரு முயல் குட்டியும் காணாமற்போயின. இன்னும் சில விவரங்கள் சேர்க்கப்பட்டன. குஞ்சுகள் குறையக் குறைய அறிவிப்பு நீண்டுகொண்டே போனது.

"இவ்வளவு செஞ்சும் ஏன் இப்படி?" என்று முயல் கேட்டது.

"ஏனென்றால் திட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது," என்றது மந்தி. "ஒருத்தி மட்டும் பதிவு செய்யவில்லை. இன்றுமுதல் பதிவு செய்யாதவர்களுக்கு உப்புமண் திட்டில் இடமில்லை."

உப்புமண்ணை நக்காவிட்டால் பால் சுரப்பது குறையும். சருகுமானுக்கு அது தெரியும். அன்று உப்புமண் பக்கம் போனபோது பெண்மயில் தோகையில்லாத வாலை விரித்து வழியை மறித்தது.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போய் நக்கேன். யார் வேண்டாம்னா?"

"அந்த ஒரு வார்த்தைதான்க்கா என்கிட்டே இருக்கிறதே" என்று சொல்லிவிட்டுச் சருகுமான் திரும்பி நடந்தது. ஓடையோரம் உவர்ப்பாக ஏதாவது பாறை கிடைக்குமா என்று அலைந்தது. குட்டி பாலுக்கு முட்டும்போது மடி வற்றிக்கொண்டு வருவது தெரிந்தது. சொல்லித் தொலைத்துவிடலாமா என்றுகூட ஒரு நேரம் தோன்றியது. குட்டியைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

சொல்லாவிட்டால் என்ன, மந்திக்குக் கண் இல்லையா? ஒருநாள் மத்தியானம், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வெளியேறும் சருகுமானின் முதுகு, இலைகளுக்கு நடுவே ஒரு கணம் அதன் கண்ணில் பட்டுவிட்டது. மந்திக்குப் பரம சந்தோஷம். கேட்காமலே ஒரு சேவை செய்யக் கிடைத்த சந்தோஷம்.

சருகுமான் ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் கேட்டது.

"கவனிக்கவும். சிறப்பு அறிவிப்பு. பதிவு செய்யாத குட்டி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. சருகுமான் குட்டி, சாய்ந்து கிடக்கும் வேங்கை மரத்தடி, சருகுக் குவியல். தலை வடக்கே. தாய் ஓடைப் பக்கம் சென்றிருக்கிறார். திரும்ப நேரமாகும்."

வாயிலிருந்த தண்ணீர் அப்படியே வழிந்தது.

மேட்டில், இலவ மரத்தடியிலிருந்து வெருகு எழுந்தது. முன்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தது. வேங்கை மரத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. ஓடவில்லை, பதுங்கவில்லை. கடையில் எடுத்து வைத்திருக்கும் சாமானை வாங்கப் போகிற நடை.

சருகுமான் குட்டியிடம் ஓடுவதற்காகப் பாய்ந்தது. பாய்ந்த கால் நின்றது. ஓடினால்? தன்னைவிடப் பெரிய வெருகை எதைக் கொண்டு தடுக்கும்? கொம்பு கிடையாது. எழுந்து ஓடக் குட்டிக்குக் கால் பத்தாது. தாயும் குட்டியுமாக ஒரே இடத்தில் கிடைப்பார்கள், அவ்வளவுதான்.

அப்போதுதான் மேட்டுச் சரிவில் நடந்துகொண்டிருந்த வெருகிடம் ஒன்று கண்ணில் பட்டது. வெருகு தரையை மோந்து பார்க்கவே இல்லை. கொஞ்ச தூரம் நடக்கும். நிற்கும். காதை மந்தியின் பக்கம் திருப்பும். பள்ளத்து மந்தி அறிவிப்பைத் திருப்பிச் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிக்கொள்ளும். மறுபடி நடக்கும். உட்கார்ந்த இடத்தில் காதால் தின்று தின்று, அந்த வெருகுக்கு மூக்கு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

சருகுமான் குட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் குட்டி இன்னும் தூரமானது. இலவ மரத்தடியில் போய் நின்று, வாழ்நாளில் முதல்முறையாக உரக்கக் கத்தியது.

"மந்தியம்மா, பதிவு பண்ணணும்."

மந்தியின் முகம் மலர்ந்தது. "வாம்மா, வா. இப்பவாவது புத்தி வந்ததே. ஆனா பார், இது சாப்பாட்டு நேரம். பதிவெல்லாம் காலையிலதான்."

வெருகு வேங்கை மரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"பதிவு இல்லைம்மா, திருத்தம். நீங்க அறிவிச்ச முகவரி தப்பு."

"தப்பா?" மந்தியின் வால் விறைத்தது. "என் கண்ணால பார்த்தேன்."

"நீங்க பார்த்தது பழைய இடம். நான் மாத்திட்டேன். தப்பான அறிவிப்பைப் பள்ளத்து மந்திங்க இன்னும் திருப்பிச் சொல்லிக்கிட்டே இருக்காங்க. நாளைக்கு இது தப்புன்னு ஊருக்குத் தெரிஞ்சா பேர் யாருக்குக் கெடும், எனக்கா?"

மந்திக்கு வயிற்றைவிடப் பேர் பெரிது. கையிலிருந்த அத்திப்பழத்தைக் கீழே வைத்தது.

"சரி, எங்கேம்மா வெச்சிருக்கே?"

"மூங்கில் கொல்லையில. அந்தக் கடைசிப் புதர்க் குத்துல."

வெருகின் முன்னங்கால் சருகுக் குவியலின்மேல் இருந்தது. கீழே குட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

"கவனிக்கவும். திருத்தம். சருகுமான் குட்டி வேங்கை மரத்தடியில் இல்லை. மூங்கில் கொல்லை, கடைசிக் குத்து. சிரமத்திற்கு வருந்துகிறோம்."

வெருகின் காது திரும்பியது. கால் நின்றது. "முன்னாடியே ஒழுங்கா சொல்லித் தொலைக்கறதில்லை" என்று முனகிவிட்டு, காலை எடுத்துக்கொண்டு மூங்கில் கொல்லைப் பக்கம் திரும்பி நடந்தது.

சருகுமானுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இப்போ அந்த மூங்கில் வழியைக் கொஞ்சம் பாருங்கம்மா," என்றது.

"எதுக்கு?"

"அங்கே போறது யாருன்னு சொல்லுங்க."

மந்தி கண்ணை இடுக்கிப் பார்த்தது. "வெருகு. அதுக்கு அங்கே என்ன வேலை?"

"நீங்கதானே அனுப்பினீங்க."

"நானா? நான் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் அறிவிக்கிறேன்."

"அதுக்கும் காது இருக்கேம்மா. சந்தேகம்னா இன்னொரு திருத்தம் சொல்லிப் பாருங்க. ஓடைக்கு அந்தக் கரையில, மருத மரத்தடியிலன்னு."

மந்தி தயங்கியது. பிறகு தொண்டையைக் கனைத்தது. "கவனிக்கவும். மேலும் ஒரு திருத்தம். சருகுமான் குட்டி, ஓடைக்கு அக்கரை, மருத மரத்தடி."

மூங்கில் கொல்லை வாசல்வரை போன வெருகு நின்றது. ஓடைப் பக்கம் திரும்பியது. தண்ணீர் என்றால் அதற்கு அருவருப்பு. ஆனாலும் ஒவ்வொரு காலாக உதறி உதறி இறங்கியது. வயிறுவரை நனைந்து அக்கரை ஏறியதும் இலவ மரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தது. "அம்மா, முடிவா ஒரு இடம் சொல்லுங்கம்மா. இப்படி அலைக்கழிச்சா எப்படி?"

மந்தியின் வாய் பிளந்தது. பிளந்த வாயை மூடிக்கொள்ளத் தெரியவில்லை. கௌதாரிக் குஞ்சுகள், முயல் குட்டி, கோழிக் குஞ்சுகள் என்று ஒவ்வொன்றாக அதன் முகத்தில் வந்து போயின.

"இத்தனை நாளும்," என்று ஆரம்பித்தது. முடிக்கவில்லை.

"ஆமாம்மா. அதோட கண்ணு நீங்கதான்."

பிறகு மந்தி மெதுவாகக் கேட்டது. "கடைசியா எங்கேன்னு சொல்லட்டும்?"

"கரட்டுப் பாறை இடுக்குன்னு சொல்லுங்க. தலையை நல்லா உள்ளே விட்டாத்தான் கைக்கு எட்டும்னு சேர்த்துக்கோங்க. விவரம் போதலைன்னு யாரும் குறை சொல்லக் கூடாது."

"கவனிக்கவும். இறுதித் திருத்தம்" என்று மந்தி கணீரென்று அறிவித்தது.

கரட்டுப் பாறை இடுக்கில் முள்ளம்பன்றி பகல் தூக்கத்தில் இருந்தது. அது எந்தத் திட்டத்திலும் சேராத ஆள், கூட்டத்துக்கே வருவதில்லை. ஈர உடம்போடு வந்த வெருகு, அறிவிப்பில் சொன்னபடியே தலையை நன்றாக உள்ளே விட்டது.

"யாருய்யா அது, தூங்கற நேரத்துல?" என்று முள்ளம்பன்றி முதுகைத் திருப்பியது.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததற்கு அறிவிப்பே தேவைப்படவில்லை. வெருகின் அலறல் பள்ளத்து மந்திகளுக்கும் நேரடியாகக் கேட்டது. வெளியே வந்தபோது அதற்கு மீசை பல மடங்கு ஆகியிருந்தது. புதிய மீசையெல்லாம் மூக்கிலேயே குத்திக்கொண்டு நின்றன.

எல்லோரும் ஓடிவந்தார்கள். நடந்ததைச் சருகுமான் சொன்னது. கௌதாரி மந்தியைப் பார்த்த பார்வையை மந்தியால் தாங்க முடியவில்லை. கிளையை மாற்றி உட்கார்ந்துகொண்டது.

"இனிமே இந்தக் காவலே வேண்டாம்," என்றது பெண்மயில். "மந்தி மரத்தைவிட்டு இறங்கட்டும்."

"வேண்டாம்க்கா," என்றது சருகுமான். "மேலே ஒரு கண்ணு இல்லைன்னா மறுபடியும் ஆலமரத்து அலுவலகம் பேச ஆரம்பிச்சுடும். மந்தியம்மா அங்கேயே இருக்கட்டும். வெருகு எங்கே இருக்குன்னு சொல்லட்டும். எங்க குட்டி எங்கே இருக்குன்னு அவங்களுக்கும் தெரிய வேண்டாம். நாங்க கூப்பிட்டா வரட்டும். கூப்பிடாம எட்டிப் பார்க்க வேண்டாம்."

"கழுத்து வலிக்குமே" என்றது முயல், மந்தியைப் பார்த்து.

"வலிச்சா வலிக்கட்டும்," என்றது மந்தி. அடுத்த கணமே அதற்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "உண்மையில் இதுதான் திட்டத்தின் இரண்டாம் கட்டம். ஆரம்பத்திலிருந்தே நான் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்."

யாரும் தட்டவில்லை. தாய்மார்கள் தத்தம் குட்டிகளை இடம் மாற்றுவதற்காக அவசரமாகக் கலைந்தார்கள். எங்கே மாற்றப்போகிறோம் என்று ஒருத்தரும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அணில் நெல்லிக்காயோடு நடுவழியில் நின்று எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் விழித்தது.

சருகுமான் உப்புமண்ணை ஆசைதீர நக்கியது. பிறகு சுற்றிச் சுற்றிப் போய்க் குட்டியின் மூக்கைத் தொட்டது. மந்தி அப்போது வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து காட்டில் அறிவிப்பு மாறியது. "கவனிக்கவும். வெருகுப் பூனை, மூங்கில் கொல்லை, கிழக்கே நடக்கிறது. கவனிக்கவும். வெருகுப் பூனை, நாணல் ஓரம், பதுங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது."

வெருகு எங்கே போனாலும் அது போய்ச் சேர்வதற்கு முன்பே அதன் பெயர் போய்ச் சேர்ந்தது. அது வாயைத் திறந்து "வணக்கம்மா, தலைமை அலுவலகத்திலேர்ந்து" என்று ஆரம்பித்தால், "வெருகுப் பூனை, உங்கள் புதருக்கு வெளியே, பொய் பேசுகிறது" என்று மேலேயிருந்து வந்தது. வெட்டுக்கிளியைப் பிடித்துத் தின்று வயிற்றைக் கழுவ வேண்டியதாயிற்று.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அது இலவ மரத்தடிக்கு வந்து, அண்ணாந்து பார்த்து முறையிட்டது.

"அம்மா, இது உங்களுக்கே நல்லா இருக்கா? நான் எங்கே போறேன், எங்கே படுக்கிறேன், என்னத்தைச் சாப்பிடறேன்னு இப்படிக் காடு பூரா சொல்றீங்களே. ஒருத்தருக்குன்னு கொஞ்சம் அந்தரங்கம் வேண்டாமா?"

மந்தி கொஞ்சமும் குரல் மாறாமல் அறிவித்தது.

"கவனிக்கவும். வெருகுப் பூனை, இலவ மரத்தடி. அந்தரங்கம் கேட்டுக்கொண்டிருக்கிறது."

நீதி: காவலும் வேண்டும், கதவும் வேண்டும், காவல் காப்பவர் கண் வைக்க வேண்டியது திருடன்மேல், நம் வீட்டு உள்ளறையின்மேல் அல்ல.